ஜனாதிபதிகளின் வாழ்க்கை வரலாறும் பொது நூலகமும்

வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வடிவம் தன் இயல்பிலேயே ஒரு சார்பு உடையது. ஒரு மனிதனின் பிறப்பிலே தொடங்கி இறப்பிலே முடியும் அது, அவனுக்கு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்த வரலாறு முழுவதும் அவன் வரவுக்காகவே காத்திருந்தது போன்றதொரு மயக்கத்தை வாசகரிடத்தே தோற்றுவிக்கின்றது. அம்மனிதன் அரசுத் தலைவனாகவும் இருந்துவிட்டால் மயக்கம் இருமடங்காகின்றது. நமது கல்வெட்டுகளின் தொடக்கத்திலே வரும் மெய்க்கீர்த்தியை அறிந்தோர்க்கு இது புதிதன்று. மன்னன் வென்ற நாடுகளை அடுக்கிச் செல்லும் மெய்க்கீர்த்தி முடிந்த பின்னரே, நிலம் யாருடையது, வரி எவ்வளவு, எவ்வூரார் எதற்கு உடன்பட்டனர் என்னும் செய்திகள் வருகின்றன. சோழர் காலச் சமுதாயத்தை ஆராய்ந்தோர் பெரிதும் பயன்கொண்டது இப்பின்பகுதியையே. ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதிகளைப் பற்றி எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் பல, பின்பகுதி வெட்டி நீக்கப்பட்ட கல்வெட்டுகளை ஒத்தன. அப்பின்பகுதியை எங்கே தேடுவது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பொது நூலகத்திலே என்பது எனது விடை.

இவ்வினா எழுந்த சந்தர்ப்பத்தை முதலிற் சொல்லுதல் வேண்டும். பத்தாந்தர மாணவர்க்கு 'நான் போற்றும் தலைவர்' என்ற பொருளிற் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன், 'லிங்கன் அடிமைகளுக்கு விடுதலை வழங்கினார்' என்று எழுதியிருந்தான். இலக்கணப் பிழை எதுவுமற்ற வாக்கியம். வகுப்பிலே அது வாசிக்கப்பட்டபோது பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி, "அப்ப அந்த அடிமையள் என்ன செய்துகொண்டிருந்தவை, சேர்?" என்று கேட்டாள். என்னிடம் விடை இருக்கவில்லை. அவ்வாக்கியத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனும் நானே. பல ஆண்டுகளாக ஒரே பழைய மொழிபெயர்ப்பு நூலை வைத்துக்கொண்டு லிங்கனைப் பற்றி நான் பேசி வந்திருக்கிறேன். பனிப்போர்க் காலத்திலே அமெரிக்க அரசின் தகவற் சேவை ஆசிய மொழிகள் பலவற்றில் நூல் மொழிபெயர்ப்புகளுக்குப் பணவுதவி அளித்து வந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. தலைவர்களின் கதைகள் நமது வாசிகசாலைகளை வந்தடைந்ததில் அவ்வுதவிக்கும் பங்குண்டு. மரக்குடிசையிற் பிறந்தவன் மாளிகைக்குச் சென்றான் என்ற கதையை நம்முன் வைத்தவர்கட்கு அதில் ஒரு நோக்கம் இருந்தது என்பதை நான் ஒருபோதும் எண்ணிப் பார்க்கவில்லை.

எமது ஊர்ப் பொது நூலகத்துக்குச் சென்று லிங்கனைப் பற்றிய நல்ல வாழ்க்கை வரலாறு ஒன்று வேண்டுமெனக் கேட்டேன். நூலகர் அம்மையார் நான் கேட்ட நூலை எடுத்துத் தந்தார். பின்னர் வேறொரு தட்டுக்குச் சென்று, அடிமையாகப் பிறந்து தப்பியோடி எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூலையும் எடுத்து வந்து மேலே வைத்தார். "இதையும் கொண்டுபோங்கோ, சேர். அது தனிய எண்டால் அரைக் கதைதான்" என்றார். நூற்றுக்கணக்கான பக்கங்களில் விமரிசகர்கள் சொல்ல முயல்வதை அவர் ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டார். இக்கட்டுரையின் கருத்து அவருடையது. விரித்துரைப்பது மட்டுமே என் வேலை.

அமெரிக்க வாசகரிடையே ஒரு பழக்கம் உண்டு. வாஷிங்டனிலே தொடங்கி, வரிசை பிறழாது, ஜனாதிபதி ஒருவருக்கு ஒரு வாழ்க்கை வரலாறாகப் படித்து முடிப்பதை ஒரு விரதம் போல மேற்கொள்வோர் பலர். 2025இல் பதவியேற்றவர் 47ஆவது ஜனாதிபதி எனக் கணக்கிடப்பட்டாலும், கிளீவ்லாந்தும் டிரம்பும் விட்டு விட்டு இரு தடவை பதவி வகித்தமையால் ஆட்கள் 45 பேரே. விலை கொடுத்து வாங்குவது எளிதன்று; ஆகவே இவ்வாசகரின் துணை பெரும்பாலும் ஊர்ப் பொது நூலகமே. வெறும் 31 நாட்கள் பதவியிலிருந்து 1841இல் மறைந்த வில்லியம் ஹென்றி ஹாரிசனைப் பற்றிய நூல் உள்ளூர்த் தட்டில் இல்லையெனில், வேறு நூலகத்திலிருந்து இரவல் பெற்றுத் தரும் ஏற்பாடும் அங்குண்டு. இம்முயற்சியின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அதன் அடிப்படையிலே ஒரு பிழை இருக்கிறது. அரைக் கதைகள் நாற்பத்தைந்தைக் கூட்டினாலும் ஒரு முழுக்கதை ஆகாது. ஏனெனில் அவை அனைத்திலும் விடுபட்டிருப்பது அதே பாதிதான்.

லிங்கனையே முதலில் எடுத்துக்கொள்வோம். கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் 1926இல் இரண்டு தொகுதிகளும் 1939இல் நான்கு தொகுதிகளுமாக எழுதிய லிங்கன் வரலாறு, ஒரு தலைமுறையின் மனத்திலே லிங்கனின் உருவத்தை வரைந்தது. அதில் அன்பு இருக்கிறது. மண்ணின் மணம் இருக்கிறது. ஆனால் அதன் நடுவில் நிற்பவர் ஒருவரே. அந்த மாணவியின் வினாவுக்கு விடை வேறு நூல்களில் உள்ளது. 1861 மே மாதம், போர் தொடங்கிச் சில வாரங்களுள், வேர்ஜீனியாவில் அடிமைகள் மூவர் இரவிலே தப்பி மொன்றோ கோட்டையிலிருந்த ஒன்றியப் படையிடம் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைத் திருப்பி அனுப்பத் தளபதி மறுத்தார். அச்செய்தி பரவவே நூற்றுக்கணக்கில், பின்னர் ஆயிரக்கணக்கில் மக்கள் வந்து குவிந்தனர். அவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை வாஷிங்டனிலிருந்த அரசு எதிர்கொண்டே ஆகவேண்டியதாயிற்று. 1863 ஜனவரி 1ஆந் தேதிய விடுதலைப் பிரகடனம் வெளிவருவதற்கு முன்னரே அடிமைகள் தங்கள் கால்களால் ஒரு பிரகடனம் செய்துவிட்டனர். அப்பிரகடனமுங்கூட, ஒன்றியத்துடன் நின்ற கென்டக்கி, மேரிலாந்து முதலிய அடிமை மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை. நாடு முழுவதிலும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இன் பதின்மூன்றாந் திருத்தத்தாலேயே. ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியத் தரைப்படையிலே சேர்ந்து போராடினர். டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1935இல் வெளியிட்ட தமது பெருநூலில், தோட்டங்களை விட்டு அடிமைகள் வெளியேறியதைப் பொது வேலைநிறுத்தமாகவே விளக்கினார். 'வழங்கினார்' என்ற வினைமுற்றுக்குள் இத்தனை மனிதர் புதைந்து கிடக்கின்றனர்.

இதனால் லிங்கன் ஒன்றுமே செய்யவில்லை என்றாகுமா? ஆகாது. முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் சிலர் இவ்விடத்தில் இடறி விழுவதுண்டு. 1864 நவம்பரில், லிங்கன் மீண்டும் தெரிவு செய்யப்பட்டமையைப் பாராட்டிச் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் கடிதம் வரைந்தவர் கார்ல் மார்க்ஸ். இலண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் வாயிலாக அதற்குப் பதிலும் வந்தது. பருத்தி வரவு நின்று ஆலைகள் மூடப்பட்டுப் பசித்திருந்த நிலையிலும் மான்செஸ்டர்த் தொழிலாளர் அடிமை முறைக்கு எதிராகக் குரல் கொடுத்தபோது, 1863 ஜனவரியில் லிங்கன் அவர்களுக்கு நன்றி கூறி எழுதினார். தனிமனிதன் வரலாற்றில் வகிக்கும் பாத்திரத்தைப் பற்றிப் பிளெகானவ் 1898இல் எழுதிய கட்டுரையும் தனிமனிதனை மறுக்கவில்லை. எந்தச் சமூகச் சக்திகள் அவனுக்கு இடமளித்தன என்றே வினவியது. தாம் கொண்ட கருத்தைக் காலத்தின் நெருக்குதலால் மாற்றிக்கொள்ளும் ஆற்றல் லிங்கனிடம் இருந்தது. கறுப்பினப் படைவீரர்க்குச் சமமான ஊதியம் வழங்கப்படாமையைக் கண்டித்து 1863 ஆகஸ்டிலே டக்ளஸ் அவரை நேரிற் சந்தித்தார். நெருக்கியவர் யார், நெருக்கப்பட்டவர் யார் என்ற இரண்டையும் ஒருங்கே காட்டும் நூலே லிங்கனின் உண்மையான பெருமையைக் காட்டவல்லது.

லிங்கன் தாமே வாழ்க்கை வரலாற்று நூல்களின் வாசகராக இருந்தவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. நூலகம் இல்லாத எல்லைப்புறக் கிராமத்திலே அயலாரிடம் இரவல் வாங்கிப் படித்து வளர்ந்தவர் அவர். சிறுவயதிலே வீம்ஸ் எழுதிய வாஷிங்டன் வரலாற்றைப் படித்ததாக 1861இல் நியூ ஜேர்சி மேற்சபையில் அவரே கூறினார். இந்த வீம்ஸ் ஒரு மதகுரு. ஊரூராகச் சென்று நூல் விற்றவர். வாஷிங்டன் மறைந்த மறு ஆண்டாகிய 1800இலேயே நூலை வெளியிட்டுவிட்டார். சிறுவன் வாஷிங்டன் செரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டதாக உலகமெங்கும் பாலர் பாடங்களில் வழங்கும் கதை, 1806இன் ஐந்தாம் பதிப்பிலேதான் முதன்முதலாக இடம்பெற்றது. நம்பத்தகுந்த சான்று எதுவும் அதற்கு இல்லை. உண்மை பேசுமாறு குழந்தைகட்கு அறிவுறுத்த ஒரு பொய் புனையப்பட்டது! புதிய குடியரசுக்குப் புனிதர் ஒருவர் தேவைப்பட்டார். விற்பனையாளர் அத்தேவையை அறிந்திருந்தார்.

1799இல் வாஷிங்டன் இறந்தபோது அவருடைய மவுண்ட் வேர்னன் பண்ணையில் அடிமைப்பட்டிருந்தோர் 317 பேர். தமக்குச் சட்டப்படி உரியவர்களை விடுவிக்குமாறு அவர் மரணசாசனம் எழுதி வைத்தார் என்பதைப் பெரும்பாலான நூல்கள் பெருமையுடன் கூறுகின்றன. அது உண்மையே. அச்சாசனம் தொடாத பெரும்பகுதியினர் மனைவி வழி வந்த சொத்தாக அடிமைகளாகவே நீடித்தனர் என்பதும் உண்மையே. அவ்வாறு மனைவியின் சொத்தாகக் கணிக்கப்பட்ட ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண், வாஷிங்டன் ஜனாதிபதியாயிருந்த 1796இலேயே பிலடெல்பியாவிலிருந்த அவரது இல்லத்தை விட்டுத் தப்பி நியூ ஹாம்ஷயருக்குச் சென்றாள். அவளைத் திரும்பப் பெற ஜனாதிபதி ஆட்களை ஏவினார். அவள் பிடிபடவில்லை. முதுமையிலே, 1840களில், பத்திரிகையாளரிடம் தன் கதையைக் கூறினாள். எரிக்கா ஆம்ஸ்ட்ராங் டன்பார் 2017இல் அவளது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஜனாதிபதியின் வரலாற்றிலே சில வரிகளாக இருந்தவள் ஒரு நூலின் நாயகியாக இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

ஆயினும் வாழ்க்கை வரலாற்று வடிவத்தின் நோயைத் தெளிவாகக் காட்டுவது ஜெபர்சனின் கதையே. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776இல் எழுதிய அவர், தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட மனிதரை உடைமையாகக் கொண்டிருந்தார். அவர்களுள் ஒருத்தி சாலி ஹெமிங்ஸ். ஜெபர்சனின் காலஞ்சென்ற மனைவிக்கு ஒரே தந்தை வழியிற் சகோதரி முறையானவள். அவளுடைய பிள்ளைகளுக்குத் தந்தை ஜெபர்சனே என்று அவள் மகன் மடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஒஹாயோ மாநிலப் பத்திரிகையொன்றிலே தெளிவாகக் கூறினார். இது மறைந்துபோன சான்று அன்று; அச்சிலே இருந்த சான்று. ஆனால் 1948 முதல் 1981 வரை ஆறு தொகுதிகளில் ஜெபர்சனின் வரலாற்றை எழுதிய டூமாஸ் மலோன் அதனை ஏற்க மறுத்தார். ஜெபர்சனின் குணநலனுக்கு அது பொருந்தாது என்பதே அவர் வாதத்தின் சாரம். ஃபோன் புரோடி 1974இல் மறுதலையாக எழுதியபோது பேரறிஞர் பலர் அவரைச் சாடினர்.

1997இல் சட்டத்துறை அறிஞர் அனெற் கோர்டன் ரீட் வெளியிட்ட நூல் இவ்விவாதத்தை வேறோர் தளத்துக்கு உயர்த்தியது. ஜெபர்சன் என்ன செய்தார் என்பதை மட்டுமன்றி, வரலாற்றாசிரியர்கள் சான்றுகளை எவ்வாறு நிறுத்தார்கள் என்பதையும் அவர் வழக்குமன்ற முறையிலே ஆராய்ந்தார். வெள்ளை இனத்துப் பேரப்பிள்ளைகள் சொன்னதைச் சான்றாகவும் கறுப்பின மகன் சொன்னதை வதந்தியாகவும் கொண்ட தராசு எத்தகையது என்று அவர் வினவினார். மறு ஆண்டு, 1998இல், மரபணுச் சோதனை ஹெமிங்ஸ் சந்ததியையும் ஜெபர்சன் ஆண்வழியையும் இணைத்தது. 2000இல் மொண்டிசெலோ இல்லத்தைப் பராமரிக்கும் நிறுவனமே ஜெபர்சனின் தந்தைமையைப் பெரிதும் சாத்தியமென ஏற்றுக்கொண்டது. 2008இல் ஹெமிங்ஸ் குடும்பத்தின் முழு வரலாற்றையும் கோர்டன் ரீட் எழுதி, அடுத்த ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். விஞ்ஞானம் உண்மையை நிலைநாட்டியது என்று இதனைச் சுருக்குவோர் தவறு செய்கின்றனர். உண்மை 1873இலேயே சொல்லப்பட்டுவிட்டது. கேட்கும் காதுகள் இருக்கவில்லை. வாழ்க்கை வரலாற்றாசிரியன் தன் நாயகனோடு முப்பதாண்டு வாழ்ந்தபின் அவனுடைய வழக்கறிஞனாகி விடுகிறான் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஜெபர்சனுக்கும் நூலகத்துக்கும் உள்ள தொடர்பும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியதே. 1814இல் பிரித்தானியப் படை வாஷிங்டன் நகரிலே சட்டமன்றத்தையும் அதன் நூலகத்தையும் தீக்கிரையாக்கியது. அடுத்த ஆண்டு ஜெபர்சன் தமது 6,487 நூல்களை 23,950 டொலருக்கு அரசுக்கு விற்றார். இன்றைய அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றின்மீது எழுந்தது. நூலகம் எரிவது என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1981 ஜூன் முதல் நாள், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்தது. ஆதலால் ஜெபர்சனின் நூல்கள் தலைநகர் நோக்கிச் சென்ற காட்சி நம் மனத்தை உருக்குவது இயல்பு. ஆயினும் உருகிய மனத்தோடு அடுத்த பக்கத்தையும் புரட்டுதல் வேண்டும். நூல்களை விற்ற பணத்தின் பெரும்பகுதி கடனுக்குப் போயிற்று. 1826இல் அவர் மறைந்ததும், மீதிக் கடனுக்காக 1827 ஜனவரியில் மொண்டிசெலோவிலே 130 மனிதர் ஏலத்தில் விடப்பட்டனர். நூல்கள் ஒருங்கே சென்று ஒரே கூரையின் கீழ்ப் பேணப்பட்டன. குடும்பங்களோ பிரிக்கப்பட்டுச் சிதறின.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். டேவிட் மக்கலோ 1992இல் எழுதிய ட்ரூமனின் வரலாறு ஏறத்தாழ ஆயிரம் பக்கங்களில் விரியும் சுவையான நூல். புலிட்சர் பரிசும் பெற்றது. மிசூரி மாநிலத்துச் சிற்றூரான இண்டிபென்டன்சில் வளர்ந்த ட்ரூமன், சிறுவயதிலேயே ஊர் நூலகத்து நூல்கள் அனைத்தையும் படித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வதுண்டு. எளிய மனிதர், கடும் உழைப்பாளி, நேர்மையாளர் என்ற சித்திரம் நம்மைக் கவர்கிறது. அணுகுண்டு பற்றிய பகுதிக்கு வரும்போது நாம் முடிவெடுக்கும் மேசையின் பக்கமே அமர்த்தப்படுகிறோம். என்ன அறிக்கை வந்தது, எவர் என்ன ஆலோசனை கூறினார், அவர் மனம் எவ்வாறு இருந்தது என்றெல்லாம் அறிகிறோம். மேசையின் மறுபுறம், 1945 ஆகஸ்ட் 6ஆந் தேதி காலை, ஹிரோஷிமாவிலே ஓர் அலுவலக எழுத்தாளப் பெண்ணும், தையல் வேலையாற் பிள்ளைகளைக் காத்த ஒரு விதவையும், இரு மருத்துவரும், இரு கிறிஸ்தவ குருமாரும் இருந்தனர். இவ்வறுவரின் கதையை ஜோன் ஹேர்சி 1946இல் எழுதினார். மக்கலோவின் நூலோடு ஒப்பிடின் அளவிலே மிகச் சிறியது. ஆனால் இரண்டையும் ஒரே வாரத்திற் படித்த வாசகர் முதல் நூலைப் பழைய கண்ணோடு மீண்டும் படிக்க இயலாது. குண்டுவீச்சின் பின்னணியிலே சோவியத் ஒன்றியத்தை மிரட்டும் இராஜதந்திரமும் இருந்தது என வாதிட்ட கார் அல்பெரோவிற்சின் 1965ஆம் ஆண்டு நூலையும் சேர்த்தால், தலைவரின் மனச்சான்று என்ற சிறிய அறையிலிருந்து உலக அரசியல் என்னும் வெளிக்கு நாம் வந்துவிடுகிறோம்.

இவ்வடிவத்தின் எல்லைகளை வடிவத்துக்குள் நின்றே உடைக்க முயன்ற ஒருவரையும் குறிப்பிடாவிடின் இவ்விமரிசனம் நேர்மையுடையதாகாது. ரொபர்ட் காரோ, லிண்டன் ஜோன்சனைப் பற்றி 1982, 1990, 2002, 2012 ஆகிய ஆண்டுகளில் நான்கு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். தம் நோக்கம் ஒரு மனிதனின் கதையைச் சொல்வதன்று, அரசியல் அதிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டுவதே என்று அவர் பலமுறை கூறியுள்ளார். ஜோன்சன் பிறந்த டெக்சாஸ் மலைப்புறத்து மக்களை அறிவதற்காக மனைவியுடன் அங்கேயே சென்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வசித்தார். முதல் தொகுதியிலே, மின்சாரம் வராத காலத்தில் அப்பகுதிப் பெண்கள் கிணற்றிலிருந்து நீர் இறைத்துச் சுமந்ததையும், விறகடுப்பிலே காய்ச்சிய இரும்புப் பெட்டிகளால் துணி தேய்த்ததையும் ஒரு முழு அதிகாரமாக எழுதினார். ஜனாதிபதி அங்கே பின்னே செல்கிறார். கூன் விழுந்த முதுகுகள் முன்னே வருகின்றன. ஜோன்சன் காங்கிரஸ் உறுப்பினராகி மின்சாரம் கொண்டுவந்தபோது அது எவ்வளவு பெரிய செயல் என்பதை நாம் அப்பெண்களின் தோள்களின் வழியே உணர்கிறோம். தலைவனின் செயலை அளக்கும் கோல் மக்களின் வாழ்வே என்ற உண்மை இங்கு கலையாகியிருக்கிறது.

காரோவும் குறையற்றவரல்லர். 87 வாக்குகளால் ஜோன்சன் வென்ற 1948ஆம் ஆண்டு மேற்சபைத் தேர்தலின் மோசடியை விவரிக்கும் இரண்டாந் தொகுதியில், ஜோன்சனை இருளாகக் காட்டுவதற்காக, இனவாதப் போக்குடைய எதிர் வேட்பாளரை அளவுக்கு மீறி ஒளியூட்டிவிட்டார் எனத் திறனாய்வாளர் சுட்டிக்காட்டினர். நாயகன், எதிர்நாயகன் என்ற பழைய நாடக இலக்கணம் அவரையும் விடவில்லை. மேலும் 1964இன் தொடக்கத்தோடு நான்காந் தொகுதி நின்றுவிடுவதால், வியட்நாம் மக்களின் மீது ஜோன்சன் பெருக்கிய போர் அத்தொகுதிகளுக்கு அப்பாலேயே இருக்கிறது.

அதே 1964இன் ஆகஸ்டிலே நிகழ்ந்த ஒன்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினக் கமத்தொழிலாளியான ஃபானி லூ ஹேமர், வாக்குரிமை கேட்டமைக்காகத் தாம் பட்ட அடிகளை ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் சாட்சியமாகக் கூறிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி அதனை நேரடியாக ஒளிபரப்பியது. உடனே ஜனாதிபதி ஜோன்சன் அவசரமாகப் பத்திரிகையாளர் கூட்டமொன்றைக் கூட்டினார். ஒளிப்படக் கருவிகள் யாவும் அவர்பக்கம் திரும்பின. ஹேமரின் குரல் இடைநடுவில் அறுந்தது. அன்றிரவு செய்திகளில் அச்சாட்சியம் மீண்டும் காட்டப்பட்டு நாடு முழுவதையும் உலுக்கியது என்பது வேறு கதை. ஜனாதிபதிகளின் வாழ்க்கை வரலாறு என்னும் வடிவம் நாள்தோறும் செய்வது இதையே. ஒரு தொழிலாளி பேசிக்கொண்டிருக்கையில் கருவியைத் தலைவனின் பக்கம் திருப்பிவிடுகிறது. அதை மீண்டும் மறுபக்கம் திருப்பும் கை நமக்கு வேண்டும். அக்கை பொது நூலகத்திலே இருக்கிறது.

எவ்வாறு? நமது நூலகங்களிலும் வழங்கும் டூயி தசமப் பகுப்பை நோக்குக. வாழ்க்கை வரலாறு 920. அமெரிக்க வரலாறு 973. தொழிலாளர் பிரச்சினை 331. அடிமை முறையும் விடுதலையும் 326. தலைவர் ஒரு தட்டிலும், அவருக்காக உழைத்தவர்கள் வேறொரு தட்டிலும், இடையிலே நடைபாதையுமாக அவை பிரிந்து கிடக்கின்றன. புத்தகக் கடையிலே நாம் வாங்கும் ஒரு நூல் அந்த நடைபாதையைக் காட்டாது. பணமுள்ளவர் விளம்பரப்படுத்திய நூலே அங்கு முன்னே நிற்கும். நூலகத்திலோ 920இலிருந்து 326க்கு நடப்பதற்குக் காசு வேண்டியதில்லை, கால்கள் போதும். வழி தெரியாதவிடத்துக் கேட்பதற்கு ஒரு நூலகர் இருக்கிறார். விமரிசனம் என்பது பல்கலைக்கழகத்திற் பயின்ற கலைச்சொற்களின் கோவையன்று. அது அந்த நடைபாதையிலே நடப்பது.

நூலகத்தைக் கோயிலாக்கி வழிபடவேண்டும் என்று நான் கூறவில்லை. அதற்கும் வர்க்க வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1,679 நூலகக் கட்டிடங்களுக்குப் பணம் கொடுத்தவர் உருக்குத் தொழிலதிபர் கார்னகி. 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலைநிறுத்தம் இரத்தம் சிந்த அடக்கப்பட்டது. அதே ஊரில் 1898இல் அவரது நூலகம் திறக்கப்பட்டது. வாஷிங்டனின் பண்ணைக்கு அண்மையிலுள்ள அலெக்சாண்டிரியா நகரின் பொது நூலகத்திலே, 1939 ஆகஸ்டில், கறுப்பின இளைஞர் ஐவர் சென்று அமர்ந்து அமைதியாக நூல்களைப் படித்தனர். அவர்கள் கைது செய்யப்பட்டனர். 1961 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகர நூலகத்தில் ஒன்பது மாணவர்க்கும் அதே கதி நேர்ந்தது. மேலும், ஜனாதிபதியின் பெயரால் நிறுவப்படும் தனி நூலகங்கள் 1941இல் ரூஸ்வெல்ட்டின் நூலகத்தோடு தொடங்கின. ஆய்வாளர்க்கு ஆவணங்களை வழங்கும் அரிய பணியைச் செய்யும் இவை, காட்சிக்கூடங்களின் வாயிலாகத் தலைவரின் புகழையும் பாடுகின்றன. மெய்க்கீர்த்திக்குக் கட்டிடம் எழுப்பியது போல. ஆகவே 'பொது' என்னும் சொல் நூலகத்துக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்டதன்று. மேசையிலே அமர்ந்து படித்தமைக்காகச் சிறை சென்றோர் அச்சொல்லுக்குப் பொருள் தந்தனர். ஜனாதிபதிகளின் வரலாற்றைப் படிப்பதற்குப் பொது நூலகம் துணையாகிறது என்று கூறும்போது, அந்த நூலகத்தைப் பொதுவாக்கியவர்களும் வரலாற்றின் நாயகர்களே என்பதை மறத்தல் ஆகாது.

வேற்று நாட்டு ஜனாதிபதிகளைப் பற்றிய இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். 1978இன் அரசியலமைப்பு நமக்கும் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பதவியைத் தந்தது. அதன்பின் ஒவ்வொரு தேர்தலிலும் மீட்பர் ஒருவரை எதிர்பார்ப்பதும், பின்னர் அவரையே எல்லாத் தீமைக்கும் மூலமாக ஏசுவதும் நமது அரசியற் பழக்கமாயின. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். இரண்டிலும் மக்கள் பார்வையாளரே. 2022இல் ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தபோது வீதியிலே நின்றவர்கள் பெயரற்ற ஆயிரக்கணக்கானோர். அவ்வாண்டின் கதையை நாளை யாரேனும் ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறாக மட்டும் எழுதினால், அது அரைக் கதையென அறியும் வாசகர் இங்கே இருத்தல் வேண்டும். அத்தகைய வாசகரை உருவாக்குவது ஆசிரியரின் கடமை.

எனது வகுப்பிலே நான் இப்பொழுது ஒரு சிறு வழக்கத்தைக் கைக்கொள்கிறேன். தலைவர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர், நூலகத்திலிருந்து இரண்டு நூல்களை எடுத்து வருதல் வேண்டும்: ஒன்று தலைவரைப் பற்றியது, மற்றது அவருடைய ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்களைப் பற்றியது, இயலுமாயின் அவர்களே எழுதியது. இரண்டாவது நூலைத் தேடுவது கடினம் என்று அவர்கள் முறையிடுகின்றனர். அக்கடினமே முதலாவது பாடம் என்கிறேன். எல்லா நாட்களிலும் இம்முறை வெற்றியளிக்கிறது என்று சொல்லமாட்டேன். பரீட்சை வினாத்தாள் ஒரு நூலின் விடையையே கேட்கின்றது. பெற்றோரும் அதையே விரும்புகின்றனர்.

அந்த மாணவன் தன் கட்டுரையைத் திருத்தி எழுதி வந்தான். முதல் வாக்கியம் இப்பொழுது இவ்வாறு இருந்தது: 'அடிமைகள் தப்பி ஓடினார்கள், போராடினார்கள், லிங்கன் சட்டத்தில் கையெழுத்திட்டார்.' நடையிலே முன்னைய வாக்கியத்தின் மிடுக்கு இல்லை. எழுவாய்கள் இரண்டாகிவிட்டன. வாக்கியமும் நீண்டுவிட்டது. நான் அதைத் திருத்தவில்லை.